அக்கா வீட்டுத் தொட்டி

கழிவுநீர் லாரி ஓட்டுகிறவனுக்குச் செல்லப்பெயர் வைக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அவனுக்கு வைத்தார்கள். மூக்கன். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, எல்லோருக்கும் இருப்பதுபோல் சாதாரண மூக்குதான். ஆனால் ஒரு வீட்டுத் தொட்டியின் மூடியை நகர்த்தி வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று, இரண்டு முறை மூச்சை இழுத்தான் என்றால், அந்த வீட்டின் கதை பாதி அவனுக்குத் தெரிந்துவிடும். மீதியை அவனுடைய கழி சொல்லும். பத்தடி நீளக் கழி, அடிப்பாதிக்கு வெள்ளைத் துணி சுற்றியது. அதைத் தொட்டிக்குள் நேராக இறக்கி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து, மெல்ல வெளியே எடுப்பான். மேலே எவ்வளவு ஏடு, நடுவில் எவ்வளவு தண்ணீர், அடியில் எவ்வளவு கசடு என்று துணியில் கோடு போட்டதுபோல் தெரியும்.

"பையன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்குமே" என்பான் ஒரு வீட்டில். "சமையல் எண்ணெயை யாரும்மா தொட்டியில ஊத்துறது?" என்பான் இன்னொரு வீட்டில். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. போகிற வீட்டில் எல்லாம் போன வீட்டுக் கதையைச் சொல்வான். வாய் ஓயாது. ஒருமுறை மருந்துக்கடைக்காரர் வீட்டுத் தொட்டியைத் திறந்து பார்த்தவன், "உள்ளே எல்லாம் செத்துக் கிடக்கே, வீட்டுல யாருக்கோ பெரிய வைத்தியம் நடக்குதா?" என்று நடுமுற்றத்தில் நின்று கேட்டுவிட்டான். மருந்துக்கடைக்காரரின் மனைவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். புருஷனுக்குப் புற்றுநோய் என்பதை அதுவரை பக்கத்து வீட்டுக்குக்கூட அவள் சொன்னதில்லை. நரம்பு வழியாக ஏற்றுகிற அந்த மருந்து ஆளின் உடம்போடு நிற்காது, தொட்டிவரைக்கும் வந்து அங்கே கழிவைச் செரிக்கிற கிருமிகளையும் கொல்லும் என்று மூக்கனுக்குத் தெரியும். அந்தக் கதையை அவன் குறைந்தது நூறு பேரிடம் சொல்லியிருப்பான், தன் மூக்கின் பெருமையாக.

இப்படிப்பட்டவன் ஒரே ஒரு தொட்டியைத்தான் தப்பாகப் படித்தான். அது அவனுடைய அக்கா வீட்டுத் தொட்டி. ஐந்து மாதம் தப்பாகப் படித்தான். அக்காவிடம் மிச்சமிருந்த காலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதை நினைக்கும்போது எனக்கே அவன் மேல் ஆத்திரமாக வருகிறது. அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரி விட்டது, பாடம் சொல்லிக் கொடுத்தது, அடித்தது, அடித்துவிட்டு அழுதது எல்லாம் அவள்தான். அவன் இந்த வேலைக்குப் போன புதிதில் சொந்தக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அக்கா மட்டும், "குளிச்சியா? குளிச்சிட்டேல்ல? அப்புறம் என்ன, வந்து உட்காரு" என்று தன் பக்கத்திலேயே தட்டு வைத்தாள். அதை அவன் மறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் எந்த வேலை இருந்தாலும் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

அந்த வீட்டுத் தொட்டியும் அவன் கட்டியதுதான். பழைய தொட்டி விரிசல் விட்டு ஒழுகியபோது இடித்துவிட்டு, இரண்டு அறையாகப் பிரித்து, உள்ளே பூச்சு பூசி, குழாய்களைப் பொருத்தி, மூடிக்குக் கைப்பிடி வைத்து, பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்த தொட்டி. தொட்டிக்கு உயிர் உண்டு என்பது அவன் கட்சி. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் உள்ளே இருந்துகொண்டு, விழுவதை எல்லாம் தின்று செரித்து, லீவு கேட்காமல், சம்பளம் கேட்காமல் உழைக்கின்றன. அதுகளைப் பட்டினி போடலாம், கொல்லக் கூடாது. "பிளீச், ஆசிட், எதையும் கழிப்பறையில ஊத்தாதே. சோப்புத் தண்ணி போதும்" என்று அக்காவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டான். சொன்னது யாரிடம்? சுவரில் விரல் தடம் பட்டால்கூடத் துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவளிடம். வீடு முழுக்கக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பாள். வாத்தியார் மாமா, அதாவது அக்கா புருஷன், செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் சொந்த வீட்டு வாசலில் நின்று யோசிப்பதை மூக்கனே பார்த்திருக்கிறான்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை கொல்லைப் பக்கம் வாடை வந்தபோது அவனுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே மூடியைத் திறந்தான். மேலே கனமாக, பழுப்பாக ஏடு கட்டியிருக்க வேண்டும். ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் தண்ணீர். நல்ல தொட்டிக்கு ஒரு மண் வாசனை உண்டு, பழகினவனுக்குத்தான் தெரியும். இதில் அடித்தது மூக்கைக் குத்துகிற அழுகல். கழியை விட்டு எடுத்தான். போட்டது போட்டபடி, செரிக்காமல், அடியில் கிடந்தது. சுத்தம் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்ப் பார்த்தான். அலமாரியில் ஒரு பிளீச் பாட்டில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? தலைகீழா நின்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

அக்கா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு, கையும் களவுமாகப் பிடிபட்ட பிள்ளை மாதிரி, தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொஞ்சமாத்தான்டா ஊத்தினேன்."

"கொஞ்சமாவா? மொத்தத்தையும் கொன்னு போட்டிருக்கே! உன் சுத்தத்துல தீயை வைக்க!"

மாமா வாயைத் திறக்கப் போனார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் மூடிக்கொண்டது. மூக்கன் அதைக் கவனிக்கவில்லை. அவன்தான் பேசிக்கொண்டிருந்தானே. கால்மணி நேரம் அக்கா வாங்கிக் கட்டிக்கொண்டாள். பாட்டிலைக் கொண்டுபோய் லாரி இருக்கைக்குப் பின்னால் எறிந்தான். பக்கத்துத் தெருவில் நன்றாக இருக்கிற ஒரு தொட்டியிலிருந்து ஒரு வாளி எடுத்துவந்து, பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் இதில் ஊற்றினான். "பதினஞ்சு நாள்ல பிழைச்சுக்கும். நீ கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா" என்றான். அக்கா சிரித்துக்கொண்டே தட்டு வைத்தாள். தனக்கு மட்டும் வைக்கவில்லை. பசியில்லையாம்.

தொட்டி பிழைக்கவில்லை. ஒரு மாதம் கழித்துத் திறந்தான், அதே சாம்பல் தண்ணீர். அலமாரியில் இன்னொரு பாட்டில். அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீ என்ன குழந்தையா? மறைச்சு மறைச்சு வாங்கி ஊத்துறியே!" என்று தெருமுனைவரை கேட்கக் கத்தினான். அந்த பாட்டிலும் லாரிக்குப் போனது. மறுபடி ஒரு வாளி உறை. மறுபடி செத்தது. மூன்றாவது மாதம் மூன்றாவது பாட்டில்.

இதற்குள் அக்கா இளைத்துப்போயிருந்தாள். கேட்டதற்கு, "வயசாகுதுல்ல, உடம்பைக் குறைக்கறேன்" என்றாள். தலையில் எப்போதும் ஒரு துணி கட்டியிருந்தாள். "முடி கொட்டுதுடா, தண்ணி சரியில்ல." இவன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா?

"தண்ணியா? நீ ஊத்துறியே பிளீச்சு, அந்தக் காத்துதான் முடியைத் தின்னுது! தொட்டியில இருக்கிற ஜீவன் போச்சு, இப்ப உன் தலையில இருக்கிறதும் போகுது. நல்லா வேணும் உனக்கு!"

அக்கா சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். மூக்கனுக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்தவர் வீட்டில் மூடியைத் திறக்கும் முன்பே மூக்கில் வேர்த்துவிடுகிற ஆளுக்கு, தன் அக்கா எதிரில் பாதியாகி நிற்பது தெரியவில்லை. அவள் சுத்தக்காரி என்பது அவனுக்கு முன்பே தெரியும். முன்பே தெரிந்ததைத்தான் அவன் தொட்டிக்குள்ளும் பார்த்தான்.

ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு தையல்காரி வீட்டில் வேலை. உறிஞ்சி முடித்து, குழாயைச் சுருட்டும்போது கை உறை கிழிந்து கழிவு கையில் பட்டுவிட்டது. கழுவிவிட்டு, குழாய் முனையையும் உறைகளையும் பிளீச் போட்டு அலசலாம் என்று லாரிக்குப் பின்னால் துழாவினான். அக்காவின் பாட்டில் ஒன்று கையில் வந்தது. மூடியைத் திருகினான். கீழே வெள்ளித்தாள் ஒட்டியபடி இருந்தது. கடையில் எப்படி ஒட்டிக் கொடுத்தார்களோ அப்படி.

இது கடைசியாக வாங்கினதாக இருக்கும், திறப்பதற்குள் நான் பிடுங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். அடுத்த பாட்டிலை எடுத்தான். அதிலும் வெள்ளித்தாள். மூன்றாவதையும் எடுத்துத் திருகினான். அதிலும் அப்படியே. மூன்றும் கழுத்துவரை நிறைந்திருந்தன. தூக்கி எறிந்தபோது கனம் கைக்குத் தெரிந்துதான் இருக்கும். கோபத்தில் புத்திக்கு ஏறவில்லை.

அக்கா ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

அப்படியானால் தொட்டியை எது கொன்றது? அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டியதே இல்லை. நூறு பேரிடம் அவனே சொன்ன கதை. மருந்துக்கடைக்காரர் வீட்டு முற்றம், வாசற்படியில் உட்கார்ந்த அந்த அம்மாள், சாம்பல் தண்ணீர். அங்கே பத்து நிமிடத்தில் படித்தவன்தான் இங்கே ஐந்து மாதமாகக் கத்திக்கொண்டிருந்தான். தலைத்துணி. பசியில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. லாரிப் படியில் உட்கார்ந்தான். தையல்காரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லாததால் அக்கா அவனை எதிர்பார்க்கவில்லை. தலையில் துணியும் இல்லை. ஜன்னல் பக்கக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மாமா ஒரு கிண்ணத்தில் கஞ்சியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்கன் மூன்று பாட்டில்களையும் அணைத்தபடி வாசலில் நின்றான். மூன்றிலும் மூடி இல்லை. வெள்ளித்தாள் மினுங்கியது.

அக்கா பார்த்தாள். "திறந்துட்டியா?" என்றாள்.

"ஏன்க்கா?"

"என்ன ஏன்?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே ஒலிபெருக்கி கட்டின மாதிரி ஆயிடாதா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டாள். மாமா கிண்ணத்தோடு எழுந்து போனார்.

"முதல் பாட்டில் மாமா வெள்ளைச் சட்டைக்கு வாங்கிட்டு வந்தது. நீயா பார்த்து, நீயா முடிவு கட்டிக் கத்தினே. அப்புறம் ரெண்டும் உனக்குன்னே வாங்கி வச்சேன்."

"எனக்குன்னா? நான் திட்டணும்னா?"

"ஆமாம்."

அவன் பாட்டில்களைத் தரையில் வைத்தான். அக்கா கையை நீட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். மணிக்கட்டு சின்னப் பிள்ளையுடையது போல் இருந்தது.

"இங்க பாரு. எனக்கு உடம்பு சரியில்லன்னு தெரிஞ்சதுலேர்ந்து மாமா எங்கிட்ட ஒரு வார்த்தை கோபமா பேசல. காபி ஆறிப்போச்சுன்னுகூடச் சொல்றதில்ல. ஆஸ்பத்திரியில அந்தப் பொண்ணுங்க ஊசி குத்திட்டு ஸாரி சொல்றாங்க. எல்லாரும் மெதுவா பேசறாங்கடா. அப்படிப் பேசப் பேச, நான் போயிட்டேன்னே எனக்குத் தோணும். நீ ஒருத்தன்தான் வந்து என்னைத் திட்டினே. சாகப்போறவளை யாராவது அப்படித் திட்டுவாங்களா? நீ கத்தும்போது நான் நல்லா இருக்கறவடா. பிளீச் ஊத்தித் தொட்டியைக் கெடுத்த கொழுப்பெடுத்தவ. வேற ஒண்ணுமில்ல."

எவ்வளவு நாள் என்று கேட்டான். டாக்டர் சொன்ன கெடு போன மாதமே முடிந்துவிட்டதாம். இனி வருவதெல்லாம் கூடுதல்தானாம். அவள் அதை ஒரு லாபம் மாதிரி சொன்னாள்.

"சரி, இவ்வளவு தூரம் வந்துட்டே. திட்டிட்டுப் போ" என்றாள்.

"அக்கா..."

"திட்டுடா. இப்ப நீயும் மெதுவா பேச ஆரம்பிச்சிட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தான். ஐந்து மாதமாக அவள் கையில் இருந்த ஒரே பொருளைத் தான் இன்றைக்கு வந்து பிடுங்கிவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. எழுந்து கொல்லைக்குப் போனான். தொட்டி மூடியை இழுத்து நகர்த்தினான். ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் முதுகு மட்டும்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தான்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கத்தினான். "எத்தனை தடவைடா சொல்றது இந்தப் பொம்பளைகிட்ட! மொத்தத்தையும் கொன்னுட்டா! நான் கட்டின தொட்டி! கல்லு கல்லா பார்த்துக் கட்டின தொட்டி! இனிமே ஒரு சொட்டு ஊத்தினே, நான் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன் பாத்துக்கோ!"

ஜன்னலிலிருந்து, "கொஞ்சமாத்தான்டா ஊத்தினேன்!" என்று பதில் வந்தது. பலவீனமான குரல்தான். ஆனால் அதில் பழைய குறும்பு இருந்தது. அவன் கண்ணீர் சட்டையில் சொட்டச் சொட்ட நின்று இன்னும் பத்து நிமிடம் திட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, அவன் முகத்தைக் கண்டதும் இறங்கிக்கொண்டார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை மட்டுமில்லை, தினமும் வந்தான். தினமும் மூடியைத் திறந்தான், தினமும் திட்டினான். சொன்னதையே சொன்னால் அவளுக்குச் சலித்துவிடும் என்று லாரி ஓட்டும்போதே புதுப்புது ஏச்சாக யோசித்துக்கொண்டு வருவான். அக்கா வீட்டுக் கதையை மட்டும் அவன் ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. நாற்பத்தொரு நாள் இது நடந்தது. கடைசி நாட்களில் ஜன்னலிலிருந்து பதில் வராது. ஜன்னல் கம்பியில் ஒரு விரல் இரண்டு முறை தட்டும். கேட்டது என்று அர்த்தம். நாற்பத்திரண்டாவது நாள் விரல் தட்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கலைந்து, வீட்டில் மாமா மட்டும் மிஞ்சினார். மூக்கன் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தான். இரண்டு பேரும் மாமா வைத்த உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டார்கள். தூசி படிந்த ஜன்னல் விளிம்பை மாமா அவ்வப்போது ஒரு துணியால் துடைத்தார், அவருக்குத் தெரிந்த அளவில். கொல்லைப் பக்கம் மட்டும் மூக்கன் போவதே இல்லை.

நான்கு மாதம் போன பிறகுதான் போனான். அதுவும் தானாகப் போகவில்லை. மழைக்காலம் வருகிறது, தொட்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடேன் என்று மாமா சொன்னார். கைப்பிடியைப் பிடித்து மூடியை நகர்த்தினான். பழக்கதோஷத்தில் நாலடி தள்ளி நின்று மூச்சை இழுத்தான்.

மண் வாசனை வந்தது.

அவன் நம்பவில்லை. பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தான். பழுப்பாக, கனமாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஏடு கட்டியிருந்தது. கழியை இறக்கி எடுத்தான். துணியில் மூன்று கோடும் சுத்தமாக விழுந்திருந்தன. பதினைந்து வருடத் தொழிலில் இவ்வளவு ஆரோக்கியமான தொட்டியை அவன் நாலைந்துதான் பார்த்திருப்பான். எத்தனை வாளி உறை ஊற்றினான், எத்தனை மாதம் இதற்காகக் கத்தினான். மருந்து வருவது நின்றது, தொட்டி தானாகவே பிழைத்துக்கொண்டது.

"எப்படிடா இருக்கு?" என்று கொல்லைக் கதவருகில் நின்று மாமா கேட்டார்.

"நல்லா இருக்கு மாமா" என்றான். "ரொம்ப நல்லா இருக்கு."

மாமா கணக்கு வாத்தியார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

மூக்கன் மூடியை மூடவில்லை. அந்தப் பழுப்பு ஏட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தெருமுனைவரை கேட்கிற குரலில் கத்தினான்.

"எவன் உன்னைப் பிழைக்கச் சொன்னான்? ஏன், இப்ப என்ன அவசரம் உனக்கு? அறிவிருக்கா உனக்கு? அறிவிருக்கா?"

கத்திவிட்டு, ஜன்னல் கம்பியில் ஏதாவது தட்டுகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான்.